குக்கர் பெட்டியில் இல்லாத பாத்திரம்

ராஜகீழ்பாக்கம்,
தாம்பரம் கிழக்கு,
மார்கழி 5, சனிக்கிழமை.

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எங்கள் வயசுக்கு எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலமாக நானும் உங்கம்மாவும் இருக்கிறோம். அங்கே ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளை வெற்றிவேலும் பேரன் தீனாவும், வயிற்றில் இருக்கும் சின்னதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது உங்கம்மா வேண்டிக்கொள்கிறாள், நானும் பின்னால் நின்று கும்பிட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம், பிறகு எதற்கு இந்த மனுஷர் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது பாப்பா. நீ எப்போதும் என் போனுக்குத்தான் கூப்பிடுகிறாய். உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், உனக்கு அவள் பாதி நெற்றியும் ஒரு காதும் மட்டும் தெரியும். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். கீழ் வீட்டு கேஷவ், காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் முடித்தானே, அவன் மேல்படிப்புக்கு உங்கள் ஊருக்கே செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான். உங்கம்மா சொல்லச் சொல்ல நான் இடித்த கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, கொஞ்சம் மோர் மிளகாய் எல்லாம் அவன் பெட்டியில் வருகிறது. கடிதத்தை மட்டும் அவன் கையில் தனியாகக் கொடுக்கப் போகிறேன். பொட்டலத்தோடு வைத்தால் உங்கம்மா பிரித்துப் பார்க்காமல் விட மாட்டாள்.

முதலில் ஒரு செய்தி, பதறாமல் படி. உங்கம்மாவுக்கு வலது கை மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. கார்த்திகையில் நடந்தது. மழை கொட்டுகிற மாசத்திலும் நமக்கு லாரித் தண்ணீர்தான், போர் தண்ணீர் உப்பு கரிக்கிறது. அந்த லாரிக்காரன் ஓட்டை ட்யூபை மாடிப்படி மேலேயே இழுத்துக்கொண்டு போனான், படியெல்லாம் ஈரம், இவள் பால் வாங்க இறங்கியவள் கடைசி இரண்டு படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். கையை ஊன்றியதில் போச்சு. நல்ல வேளை இடுப்புக்கு ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் கட்டைப் பிரித்துவிடலாம், ஒரு மாசம் கைக்குப் பயிற்சி கொடுத்தால் பழைய மாதிரி ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். போனில் பேசும்போதெல்லாம் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள். ஒரு நாள் தீனா, பாட்டி டாட்டா காட்டு என்றதற்கு இடது கையைக் காட்டினாளே, அது இதனால்தான்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். போன வாரம் நீ போனில் சொன்னாய், பங்குனியில் பிரசவத்துக்கு இந்தத் தடவையும் திருச்சியிலிருந்து சம்பந்தியம்மாவே வருகிறார்கள், டிக்கெட் இன்னும் போடவில்லை, அடுத்த மாசம் போட வேண்டும் என்று. அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்பா, இங்க எல்லாமே மிஷின், ரைஸ் குக்கர் சோறுதான், அம்மாவுக்குத்தான் அதெல்லாம் ஒத்து வராதே என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். தீனா பிறந்தபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னாய், ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு தடவையும் உங்கம்மா என் பக்கத்தில் இருந்தாள். இரண்டு தடவையும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்குக் குக்கர் சோறு ஒத்து வராது என்று நீ பன்னிரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருப்பது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நான். சம்பந்தியம்மாவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு. சம்பந்தியம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவர்கள் தங்கமான மனுஷி.

உனக்கு நினைவிருக்கும், சோழிங்கநல்லூர் கம்பெனியில் நீ சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியது மாசி மாசம். அந்த வாரம் உங்கம்மா சோறு வடிக்கும்போது மூடி நழுவிக் கஞ்சி கையில் கொட்டி இரண்டு விரல் அகலத்துக்குக் கொப்புளம். நீ அதைப் பார்த்துவிட்டு, இனிமே நீ வடிக்கவே கூடாதும்மா என்று சண்டை போட்டாய். சம்பளம் வந்த அன்று கம்பெனி வேனிலிருந்து மேடவாக்கத்திலேயே இறங்கி, கடையில் ரைஸ் குக்கர் வாங்கிக்கொண்டு, அந்தப் பெரிய பெட்டியோடு பஸ் ஏறி, நிற்க இடமில்லாமல் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேம்ப் ரோடில் இறங்கி நடந்து வந்தாய். எனக்குச் சட்டைத் துணியும் வாங்கியிருந்தாய், ஆனால் பெட்டியைத்தான் முதலில் நீட்டினாய். உங்கம்மா அதை வாங்கிச் சாமி அலமாரிக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தாள். அந்தக் குங்குமப் பொட்டு இன்னமும் பெட்டி மேல் இருக்கிறது, மங்கிப்போய்.

அந்த நாளெல்லாம் இப்போது அடிக்கடி மனசில் வருகிறது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் போலிருக்கிறது. சேலையூரில் நம் அரிசி மண்டியில் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய், எழுதும்போதே ஒரு கை அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாய். அரிசி தின்னா உன் கல்யாணத்தன்னிக்கு மழை வரும்டி என்று உங்கம்மா திட்டுவாள், நீ இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவாய். கடைசியில் உன் கல்யாணத்தன்று பந்தல் ஒழுகுகிற அளவுக்கு மழை வந்து மாப்பிள்ளை வீட்டார் செருப்பெல்லாம் மிதந்தது. ஞாயிற்றுக்கிழமை உங்கம்மா வடிக்கிற நேரம் பார்த்து டம்ளரோடு போய் நிற்பாய், சூடாக வடிகஞ்சியில் உப்புப் போட்டு ஊதி ஊதிக் குடிப்பாய். மிச்சக் கஞ்சி உன் யூனிஃபார்முக்கு. மொடமொடவென்று இருக்கிறதே, உட்கார்ந்தால் உடைந்துவிடும் என்று நீ கேலி பண்ணுவாய். பத்து பேர் வந்து போகிற வீடாக இருந்தது. இப்போது ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் இரண்டு பேருக்கும் இராத்திரிக்கும் மிஞ்சுகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். நீ குக்கர் கொடுத்த மறுநாள் உங்கம்மா அதில்தான் சமைத்தாள். நீ வேலைக்குப் போய்விட்டாய். புத்தகத்தில் போட்டிருந்தபடி கப்பால் அளந்து, கோடு பார்த்துத் தண்ணீர் ஊற்றி, ஸ்டூல் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம், எப்போது பொத்தான் மேலே வரும் என்று. நான் கடையிலிருந்து இரண்டரை மணிக்கு வந்தேன். அன்று லோடு இறக்குகிற ஆட்களோடு ஏதோ தகராறு, பசி வேறு. தட்டில் போட்டாள். ஒரு வாய் வைத்தேன். குழைந்து கிடந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "இன்னா கிளி இது, சோறா, போஸ்டர் ஒட்ற பசையா? நாலு தலமொறையா நெல்லு வெளைய வெச்ச குடும்பம், ஊருக்கே அரிசி விக்கறேன், என் வூட்ல நான் மிஷின் சோறு துன்னணுமா? எடுத்துப் பரண்ல போடு" என்று உங்கம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டுத் தட்டைத் தள்ளினேன். நான் துன்னணுமா என்றுதான் கேட்டேன், இருபத்தைந்து வருஷமாக அவள் கை வெந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாயங்காலம் நீ வருவதற்குள் கோபம் இறங்கிவிட்டது, பயம் பிடித்துக்கொண்டது. முதல் சம்பளத்தில் வாங்கியதை அப்பா பசை என்று சொன்னார் என்று தெரிந்தால் உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். உங்கம்மாவிடம் போய், நான் சொன்னேன்னு பாப்பா கிட்ட சொல்லிடாத என்றேன். அவள் சரி என்றாள். அவ்வளவுதான்.

நீ வந்தாய். குக்கர் எங்கே என்றாய். உங்கம்மா, "எனக்கு மிஷின் சோறுலாம் ஒத்து வராதுடி, வடிச்சாதான் எனக்குச் சோறு. யாரக் கேட்டு இத வாங்கினு வந்த?" என்றாள். கடைசிக் கேள்வி அவளாகச் சேர்த்துக்கொண்டது, நீ மேற்கொண்டு துருவிக் கேட்காமல் இருப்பதற்காக. நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீ அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சண்டை வந்தாலும், நான் எது குடுத்தாலும் உனக்குப் பரண்தானேம்மா என்று ஆரம்பிப்பாய். வாட்ச் எனக்கு, ஷூ எனக்கு, அந்த ஊருக்குப் போன பிறகு ஸ்வெட்டரும் எனக்கு. அம்மாவுக்கு எதுவும் பிடிக்காதுப்பா, அதான் வாங்கல என்று என்னிடம் ரகசியம் மாதிரிச் சொல்வாய். நானும் எல்லாவற்றையும் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டேன் பாப்பா. அந்த ஸ்வெட்டர் இந்த ஊர் வெயிலுக்கு எதற்கு, இருந்தாலும் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பினேன்.

இதிலும் மோசமான ஒன்று இருக்கிறது. குக்கர் சோறு குழைந்ததற்குக் குக்கர் காரணமே இல்லை. மாசி மாசம் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி மண்டிக்கு வந்த நேரம். பழைய பொன்னிப் புழுங்கல் என்று நினைத்து நான் வீட்டுக்கு அனுப்பிய சிப்பம் அறுத்து ஒரு மாசம் கூட ஆகாத புது அரிசி. மூட்டை மாறிவிட்டது, மாற்றியது நான். புது அரிசிக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், பழைய அரிசிக் கணக்கில் ஊற்றினால் களியாகத்தான் போகும். வடித்தால் கொஞ்சம் தப்பிக்கும், அதிகத் தண்ணீர் வெளியே போய்விடும். குக்கரில் போக வழி இல்லை. இதைக் கடைக்கு வருகிற சின்னக் குழந்தைக்குக் கூட நான் பாடம் எடுப்பேன். மறுநாளே ஏசுபாதம் சார், உனக்குக் கணக்கு எடுத்தவர், அதே லோடு அரிசியை வாங்கிக்கொண்டு போனவர், திரும்பி வந்து, "இன்னா லோகநாதன், உன்னை நம்பி வாங்கினா சோறு கொழ கொழன்னு கீதே" என்று கேட்டார். அப்போதுதான் மூட்டை மாறியது எனக்குத் தெரிந்தது. அவருக்கு வேறு அரிசி கொடுத்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. ஊர்க்காரரிடம் கேட்ட மன்னிப்பை வீட்டுக்குள் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீராப்பு. இப்போது எழுதும்போதே கூசுகிறது.

பன்னிரண்டு வருஷம் அப்படியே போய்விட்டது. இப்போது கை முறிந்த பிறகு முதல் பத்து நாள் மெஸ்ஸில் சாப்பாடு வாங்கினேன். அந்தக் காரமும் எண்ணெயும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மாத்திரை வேறு, நெஞ்செரிச்சல் என்று புரண்டாள். சரி, நானே வடிக்கிறேன் என்று இறங்கினேன். அரிசியைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. வடிக்கும்போது மூடி ஒரு பக்கம் வழுக்கிப் பாதிச் சோறு ஸிங்க்கில், கஞ்சி என் கால் மேல். இரண்டு நாள் செருப்புப் போட முடியவில்லை. ஒரு நாள் வடித்ததற்கே இந்தக் கதி, இவள் நாற்பது வருஷம் தினமும் எப்படித்தான் வடித்தாள் என்று கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். அன்றுதான் குக்கர் ஞாபகம் வந்தது.

மறுநாள் அவள் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். உள்ளே கண்ணாடி மூடி, அளவுக் கப், புத்தகம், ஒயர், குக்கர். எல்லாம் புதுசாகவே இருந்தது. துடைத்து மேடையில் வைத்தேன். குக்கருக்குள்ளே பார்த்தால் அடியில் ஒரு வட்டத் தட்டு, நடுவில் ஸ்பிரிங் வைத்த பொத்தான். இதுதான் சோறு வேகிற இடம் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதே. உள்ளே ஒரு தனிப் பாத்திரம் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும், ஒரு நாளாவது பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தால்தானே. அரிசியைக் கழுவி நேராக அதற்குள் கொட்டினேன், மூன்று கப் தண்ணீரையும் ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் காணாமல் போகிறது, அடியிலிருந்து மேடையெல்லாம் வழிந்து தரைக்கு வந்துவிட்டது. குக்கரைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே ஒயரைச் சொருகினேன். ஸ்விட்சில் கை வைக்கப் போகும்போது உங்கம்மா சத்தம் கேட்டு எழுந்து வந்து, "ஐயோ, ஸ்விட்ச தொடாதீங்க" என்று போட்ட கூச்சலில் கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். வந்து எட்டிப் பார்த்தாள். ஒயரைப் பிடுங்கச் சொன்னாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பார், கட்டுப் போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் இருக்கும்.

பாத்திரம் எங்கே, பெட்டியில் இல்லையே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மேடை ஓரத்தில் உளுந்து ஊற வைத்திருந்த பாத்திரத்தை இடது கையால் இழுத்து, உளுந்தை வேறு கிண்ணத்தில் கொட்டச் சொன்னாள், கழுவச் சொன்னாள். கழுவிப் பார்த்தால் உள்பக்கம் கோடு கோடாக, இரண்டு நாலு ஆறு என்று எண். அனுப்பிரியா, அதுதான் நீ வாங்கிக் கொடுத்த குக்கரின் பாத்திரம். நீ ஃப்ளைட் ஏறின மறுநாள் உங்கம்மா பரணில் ஏறி அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாளாம். எட்டு வருஷமாக அரிசி ஊறுவதும் உளுந்து ஊறுவதும் அதில்தான். தினமும் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது, நான் அதை மாவுப் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் மட்டும் ஒரு நாளும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கரி புடிச்சா அடி போயிடும். பாப்பா எப்பனா வந்து குக்கர்ல சோறு வெய்ம்மான்னு கேட்டா, பாத்திரம் நல்லா இருக்க வாணாமா?" என்றாள். எனக்கு அழுகை வந்தது பாப்பா, அதையும் எழுதிவிடுகிறேன்.

குக்கரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கேம்ப் ரோடில் மிக்ஸி ரிப்பேர் பண்ணும் தனசிங் கடைக்குப் போனேன். அவன் திருப்பிப் பார்த்தான், உள்ளேயிருந்து அரிசி கொட்டியது. "இன்னா சார், அரிசி மண்டி ஓனரு நீங்களே பானையில்லாம பொங்கல் வெச்சிருக்கீங்க" என்றான். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன், வேறு என்ன செய்வது. ஸ்பிரிங்குக்குள் போன அரிசியை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, டெஸ்ட் பண்ணிக் கொடுத்தான். ஸ்விட்ச் போடாததால் பிழைத்தது, போட்டிருந்தால் நீங்களும் பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று வேறு சொன்னான்.

இப்போது தினமும் நான்தான் சமையல். நீ சிரித்தாலும் பரவாயில்லை, எழுதுகிறேன். பழைய பொன்னிப் புழுங்கலைக் கழுவி அரை மணி ஊற வைக்க வேண்டும், ஒன்றுக்கு மூன்று தண்ணீர், பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு வைக்க வேண்டும், பொத்தான் டக்கென்று மேலே வந்ததும் திறக்காமல் பத்து நிமிஷம் விட வேண்டும். முதல் நாள் அந்த டக் சத்தத்துக்கு நான் ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். திறந்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் பொலபொலவென்று இருந்தது. உங்கம்மாவுக்கு ரசம் விட்டுப் பிசைந்து ஸ்பூனோடு கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, நல்லாதான் கீது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கும் நல்லாதான் வந்திருக்கும், அரிசிதான் புதுசு. கழுவும்போதே தெரிஞ்சுது, புக்குல போட்ட அளவுதான்னு அப்படியே ஊத்திட்டேன்" என்றாள். தெரிஞ்சும் ஏன் அப்பவே சொல்லல என்று கேட்டேன். உங்க கடை அரிசியைக் குறை சொன்னா நீங்க சாப்பாட்டையே விட்டுட்டு எழுந்திருப்பீங்க என்றாள். பொய் இல்லை. எழுந்துதான் போயிருப்பேன்.

அப்போதே சொன்னேன், நான் பாப்பாவுக்கு எல்லாத்தையும் எழுதிடறேன் என்று. வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். "வயித்துல புள்ளைய வெச்சுகினு இருக்கறவ கிட்ட இப்ப எதுக்கு இந்தப் பேச்சு? அதுக்கு அப்பான்னா உசுரு. அது அப்படியே இருக்கட்டும், எங்கிட்ட கோவிச்சுகினா கோவிச்சுகினு போவுது" என்றாள். அவள் பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்ததற்கு இதுதான் காரணம் பாப்பா, வேறு ஒன்றும் இல்லை. உன் மனசில் நான் பெரிய மனுஷனாகவே இருக்க வேண்டும் என்று அவள் கெட்டவளாக இருந்தாள். நானும் பெரிய மனுஷனாக உட்கார்ந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன்.

அதனால் கேட்கிறேன். பங்குனிக்கு அம்மாவைக் கூப்பிடு. அவள் அங்கே வந்து சமைத்துப் போட வேண்டியதில்லை, அந்தக் கையால் முடியாது, உன் வீட்டில்தான் குக்கர் இருக்கிறதே. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அது போதும். தீனாவை அவள் கையால் ஒரு தடவை கூடக் குளிப்பாட்டியதில்லை. இங்கே எனக்கு ஒரு குறையும் வராது, இப்போதுதான் எனக்குச் சோறு வைக்கத் தெரிந்துவிட்டதே. என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு மாசம் பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன், அவள் தாங்கியதை விட அது குறைச்சல்தான். மாப்பிள்ளையிடமும் நடந்ததை மறைக்காமல் சொல், சம்பந்தியம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. கட்டுப் போட்ட அன்று ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்டார்கள் என்று பீரோவில் தேடினேன். உங்கம்மாவின் கூறைப் புடவைக்கு அடியில் அவள் பேரில் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. தீனா உன் வயிற்றில் இருந்தபோது, நீ கூப்பிடுவாய் என்று, என்னிடமும் சொல்லாமல் கேஷவின் அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்திருக்கிறாள். போட்டோவில் தலையெல்லாம் படிய வாரி, புதுப் பொட்டு வைத்துக்கொண்டு, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் நாலு வருஷத்துக்குச் செல்லும். ஒரு பக்கத்தில் கூட முத்திரை விழவில்லை. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது, இருந்த மாதிரியே வைத்துவிட்டேன்.

மாத்திரை எல்லாம் வேளைக்குப் போடு. பனியில் நடக்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு, கேஷவ் கொண்டுவந்த பொடியை டப்பாவில் மாற்றி வை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நூறு வயசு நிறைவாக வாழ வேண்டும், சுகமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. அம்மாவின் போனுக்குப் பண்ணு. அந்த நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். அவள் எடுத்து, இரு அப்பாகிட்ட குடுக்கறேன் என்றுதான் சொல்வாள், எட்டு வருஷமாக அதுதான் பழக்கம். குடுக்க வேணாம்மா, உன்கிட்டதான் பேசணும் என்று சொல்.

இப்படிக்கு,
தப்பை ஒத்துக்கொள்ளப் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட உன் அப்பா,
லோகநாதன்